சித்தப்பாவின் இடது கை

நடந்ததை வரிசையாக எழுதினால் இவ்வளவுதான்:

1. முகையூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் வாசித்துவிட்டுத் திரும்பும்போது, வெள்ளைக்கோடு போடாத வேகத்தடையில் சித்தப்பாவின் பைக் தூக்கியடித்தது. மேல்வரிசை முன்பற்கள் இரண்டு போயின.
2. பல் கட்டினார்கள். சாப்பிட வந்தது, சிரிக்க வந்தது. ட்ரம்பெட் வாசிக்க வரவில்லை.
3. திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மியூசிக் மாஸ்டர் வேலை காலியாக இருந்தது. காலைப் பிரார்த்தனைப் பாடலைப் பியானோவில் இரண்டு கைகளாலும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள்.
4. எந்த வாத்தியம் எவ்வளவு கடினம் என்று நான் ஓர் அட்டவணை போட்டேன். பியானோதான் எல்லாவற்றையும்விட எளிது என்று அதில் வந்தது.
5. அதை நம்பி, சித்தப்பா தன் ட்ரம்பெட்டைப் பேண்டு செட்டில் இருந்த இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்.
6. அட்டவணை தவறு.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. விழுப்புரத்தில் ஒரு பேண்டு செட்டில் இருபது வருஷம் ட்ரம்பெட் வாசித்தவர். மாப்பிள்ளை அழைப்பு, சாமி புறப்பாடு, சாவு எல்லாவற்றுக்கும் நடந்துகொண்டே வாசிக்கிற வேலை. அவர் வீடு எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம். சின்ன வயதில் பரீட்சைக்குப் படிக்கும்போது, அவர் சாயங்காலம் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து நீளமாக ஊதிப் பழகுவது சுவர் வழியாகக் கேட்கும். அது எப்போது தொடங்குகிறது என்று தெரியாது. மெல்லப் பெரிதாகி, அறை முழுக்க நிறைந்து, பிறகு மெல்ல ஒடுங்கும். நான் மனப்பாடம் செய்ததெல்லாம் அந்தச் சத்தத்தோடு சேர்ந்துதான் நினைவில் இருக்கிறது.

ட்ரம்பெட்டுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வாய்வைக்கும் பித்தளைக் கிண்ணத்தை உதட்டில் அழுத்தி, உதட்டை அதிரவைத்துத்தான் சத்தம் வரவைக்க வேண்டும். அந்த அழுத்தத்தைப் பின்னாலிருந்து தாங்குவது முன்பற்கள். கழற்றி மாட்டும் பல் அதைத் தாங்கவில்லை. கொஞ்சம் அழுத்தினால் உள்ளே நகர்ந்தது. கீழ்ச்சுரங்கள் வந்தன, மேலே ஏறினால் வெறும் காற்று. சில மாதம் முயன்று பார்த்துவிட்டு, ஒரு நாள் பெட்டியை மூடினார். அதன் பிறகு அதிகமாகப் பேசவில்லை. காலையில் எழுந்து, முகம் கழுவி, மறுபடியும் படுத்துக்கொள்வார். “ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருந்தாகூட டிஸ்சார்ஜ் ஆவற நாள்னு ஒண்ணு இருக்கும்” என்று சித்தி சொன்னாள். அவள் சிரிக்கவில்லை.

திண்டிவனத்து வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டுச் சொன்னது நான்தான். அப்போது பொறியியல் கல்லூரியில், அளவுக்கருவிகளைப் பற்றிய கருவியியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எதையும் அளந்து அட்டவணையில் போட்டுவிட்டால் பாதி முடிந்துவிட்டதாக நினைக்கும் வயது. ஒரு தாளில் ஐந்து வாத்தியங்களை எழுதினேன்: ட்ரம்பெட், நாதஸ்வரம், வயலின், புல்லாங்குழல், பியானோ. பக்கத்தில் ஐந்து சோதனைகள்: சத்தம் வரவைப்பது, சுருதி பிசகாமல் பிடிப்பது, மூச்சு, உடம்பு வலி, பழகும் காலத்தில் வீட்டார் பொறுத்துக்கொள்வது. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று கஷ்ட மதிப்பெண். வயலினில் விரல் ஒரு நூல் தள்ளிப்போனால் அபசுரம், அதற்கு ஒன்பது. நாதஸ்வரத்தில் முதல் மாதம் சத்தமே வராது, அதற்குப் பத்து. பியானோவிலோ விரலை வைத்தால் சத்தம். சுருதியை யாரோ முன்பே சேர்த்துவைத்திருக்கிறார்கள். மூச்சு வேண்டாம். உட்கார்ந்தே வாசிக்கலாம். கூட்டிப் பார்த்தால் பியானோவுக்குத்தான் மிகக் குறைவு.

சித்தப்பா தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். “மூச்சு, சைபர்” என்று சத்தமாக வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் ட்ரம்பெட்டைக் கொடுத்துவிட்டு வந்தார். “படிச்ச புள்ள கணக்கு போட்டுக் குடுத்துகிது. அப்பறம் அத எதுக்கு வெச்சிக்கினு?” என்றார் என்று பின்னால் சித்தி சொல்லித் தெரிந்தது.

வகுப்பு ரயில்வே ஸ்டேஷன் பக்கம், ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல்மாடியில். டீச்சர் என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். மற்ற மாணவர்கள் எல்லோரும் பள்ளிச் சீருடையில் வருகிறவர்கள். முதல் நாள் நானும் கூடப் போயிருந்தேன். வரிசையில் முன்னால் உட்கார்ந்திருந்த எட்டு வயதுப் பெண் அவரைத் திரும்பிப் பார்த்தது.

“அங்கிள், உங்க பாப்பாவ உட வந்தீங்களா?”

“இல்லமா, என்னயே உட வந்தேன்.”

“எத்தனாவது பாடம்?”

“ஒண்ணாவது.”

“நான் ஒம்பது.”

“அப்ப சரிங்க சீனியர் மேடம், நீங்க மொதல்ல போங்க” என்று எழுந்து வழிவிட்டார். பல் போன பிறகு அவர் வேடிக்கையாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

வலது கைக்குப் பத்து நிமிஷம் போதுமானதாக இருந்தது. டீச்சர் பிரார்த்தனைப் பாடலின் மெட்டை ஒரு தடவை வாசித்தார். சித்தப்பா தடவிப் பார்த்துப் பிடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து, “இதுக்கா ஸ்கூல்ல மூணு மாசம் டைம் குட்த்தாங்க? மூணு வாரம் போதும்” என்றார். “பாத்து, பியானோவே வந்து உங்ககிட்ட கத்துக்கப் போவுது” என்றாள் சித்தி. அன்று இரவு இரண்டு பேரும் சிரித்ததை நான் எனக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் இடது கை வந்தது. ட்ரம்பெட்டில் சுரங்களை மாற்றுவது வலது கையின் மூன்று விரல்கள். இடது கை வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். இருபது வருஷம் அசையாமல் பிடித்திருந்ததே அதன் திறமை. இப்போது அதே கையிடம், வலது கை ஒன்று சொல்லும்போது நீ வேறொன்று சொல் என்று கேட்டோம். தனியாகக் கற்றுக்கொடுத்தபோது கற்றுக்கொண்டது. சேர்த்து வாசித்த உடனே வலது கையைக் காப்பியடித்தது. வலது கை ஓடினால் அதுவும் ஓடியது, நின்றால் நின்றது. இடது கையை அதட்டி நிறுத்தினால், நன்றாகப் போய்க்கொண்டிருந்த வலது கை மெட்டை மறந்தது.

நானும் ஒரு நாள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முயன்றேன். நான்காவது வரியில் என் கைகளும் அதையே செய்தன. அப்போதுதான் அட்டவணையில் விட்டுப்போன வரி தெரிந்தது. ஒவ்வொரு கஷ்டத்தையும் நான் தனித்தனியாக அளந்திருந்தேன். தனியாகச் சரியாக ஓடும் இரண்டு மோட்டார்களை ஒரே தண்டில் பூட்டினால் ஒன்றை ஒன்று இழுத்துத் தடுமாறும் என்று வகுப்பில் படித்தவள்தான் நான். ஒரு மனிதனின் இரண்டு கைகளுக்கும் அது பொருந்தும் என்று தோன்றவில்லை. மற்ற வாத்தியங்கள் வாசலிலேயே நிறுத்திவைத்து, வருகிறாயா போகிறாயா என்று கேட்டுவிடும். பியானோ முதல் நாளே நடுவீட்டில் உட்காரவைக்கும். அடுத்த அறைக்குக் கதவு எங்கே என்று பிறகுதான் தேட வேண்டியிருக்கும்.

அவருக்கு இன்னொரு குறையும் இருந்தது. “ட்ரம்பெட்ல ஒரு சுரத்த உட்டா, முடியிற வரைக்கும் அது நம்மகிட்டதான் பாப்பா இருக்கும். ஊத ஊத வளத்துக்கினே போலாம். இதுல தட்டுன ஒடனே நம்ம கைய உட்டுப் போயிடுது. எறங்கிக்கினே போவுது, பாத்துக்கினு குந்தியிருக்க வேண்டியதுதான்.” சுவர் வழியாக நான் கேட்டு வளர்ந்த அந்த நீண்ட சுரம் பியானோவில் இல்லை என்பதை அவர் சொல்லித்தான் உணர்ந்தேன். அதற்கும் என் அட்டவணையில் வரி இல்லை.

வீட்டில் பியானோ கிடையாது. கட்டைகளைச் சரியான அளவில் வரைந்து, தாள்களில் அச்செடுத்து ஒட்டி, சாப்பாட்டு மேசைமேல் விரித்துக் கொடுத்தேன். சத்தமில்லாத அந்தத் தாளில் அவர் காலையும் மாலையும் தட்டினார். “ஊதினப்ப தெருவே திரும்பிப் பாத்துச்சி. இப்ப செவுத்துல இருக்கிற பல்லிகூடப் பாக்கல” என்று சித்தி தட்டு வைக்க இடமில்லாமல் சலித்துக்கொள்வாள். ஆனால் தாளை நகர்த்த மாட்டாள். கீழே உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

வாசித்துக் காட்ட வேண்டிய நாளில் அவரோடு திண்டிவனத்துக்கு நானும் போனேன். பாசஞ்சர் வண்டியில், முண்டியம்பாக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இறங்கிய பிறகு உட்கார இடம் கிடைத்தது. அவர் தொடைமேல் விரல்களைத் தட்டிக்கொண்டே வந்தார். மயிலம் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன், சொன்னேன். “சித்தப்பா, நான் போட்ட லிஸ்ட் தப்பு. ரெண்டு கைய நான் கணக்குல சேக்கல.”

“தெரியும் பாப்பா. ரெண்டாவது வாரமே தெரிஞ்சிபோச்சி.”

“சொல்லவே இல்லையே?”

“இன்னாத்த சொல்றது? படுத்துக்கினு ஃபேன பாத்துக்கினு இருந்தவன எழுப்பி உட்டது அந்தப் பேப்பருதான்.” தொடைமேல் தட்டுவதை நிறுத்தினார். “ஆனா தெரிஞ்சிருந்தா ட்ரம்பெட்ட குட்த்திருக்க மாட்டேன். மாசத்துக்கு ஒரு வாட்டி தொடச்சியாவது வெச்சிருப்பேன்.” அவர் கோபமாகச் சொல்லவில்லை.

பள்ளித் தாளாளர் அம்மா வயதானவர், கண்டிப்பானவர். பிரார்த்தனைக் கூடத்தில் பியானோவின் மூடியைத் தானே திறந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன். முதல் மூன்று வரிகள் இரண்டு கைகளும் சேர்ந்தே வந்தன. நான்காவது வரியில் இடது கை நின்றது. சித்தப்பா நிறுத்தாமல் வலது கையால் மட்டும் தொடர்ந்தார். கண்ணை மூடியிருந்தார். அப்போது அவர் இடது கை கட்டைகளை விட்டு எழும்பி, நெஞ்சுக்கு நேரே வந்து, விரல்களை மடக்கிக்கொண்டு நின்றது. இல்லாத ட்ரம்பெட்டை அது பிடித்துக்கொண்டிருந்தது. பாட்டு முடியும்வரை இறங்கவில்லை.

“அந்தக் கை என்ன சார் பண்ணுது?” என்றார் தாளாளர் அம்மா.

சித்தப்பா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மெல்லக் கையை இறக்கினார். “பழைய வேலைக்குப் போயிடுச்சுங்க மேடம்.”

அந்த அம்மா சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “ரெண்டு கையும் இந்த வேலைக்கு வந்தப்புறம் வாங்க. காலாண்டு லீவு முடிஞ்சதும் ஒரு தடவை பார்க்கிறேன். அதுக்குள்ள வேற யாராவது வந்துட்டா காத்திருக்க மாட்டேன், சொல்லிட்டேன்” என்றார். நாங்கள் வாசல் தாண்டும்போது, “நாலு மணிக்கு மேல ஹால் சும்மாதான் இருக்கும்” என்றும் சொன்னார்.

சித்தப்பா அதைப் பிடித்துக்கொண்டார். தினமும் மத்தியான வண்டியில் போய் ராத்திரி வண்டியில் திரும்பினார். வேகத்தைக் குறைக்கச் சொன்னார் டீச்சர். சாவு ஊர்வலத்தைவிட மெதுவாக வாசித்ததாகச் சித்தப்பா சொன்னார். நான் அட்டவணை எதுவும் போடவில்லை. கடைசியில் வழி அவர் பழைய தொழிலிலிருந்தே கிடைத்தது. ஊர்வலத்தில் அவருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒருவர் யூஃபோனியம் என்ற பெரிய பித்தளைக் குழலைக் கட்டிக்கொண்டு கீழ்ச்சுரங்களை ஊதிக்கொண்டு நடப்பார். “அவரு வாசிக்கிறத நான் வாசிக்கல பாப்பா. கேட்டுக்கினே நடந்தேன், அவ்ளோதான். இப்ப எடது கைய அவருன்னு வெச்சிக்கினேன். அதுக்கு நான் ஆர்டர் போடறதில்ல. பக்கத்துல ஒருத்தரு வர்றாருன்னு கேக்கறதோட சரி.” டீச்சர் இதை மற்ற மாணவர்களுக்குச் சொல்லிப் பார்த்தார். யாருக்கும் அது உதவவில்லை. அவர்கள் யாரும் யார் பக்கத்திலும் வாசித்துக்கொண்டே நடந்தவர்கள் இல்லை.

காலாண்டு விடுமுறைக்குப் பிறகு மறுபடி வாசித்தார். கடைசிவரை இரண்டு கைகளும் கட்டைகள்மேலேயே இருந்தன. “கொஞ்சம் மெதுவா இருக்கே?” என்றார் தாளாளர் அம்மா. “இத்தினி புள்ளைங்க ஒண்ணா பாடினா இந்த வேகந்தாங்க மேடம் வரும். நான் கூட்டத்தோட நடந்து பழகினவன்” என்றார் சித்தப்பா. அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேரச் சொன்னார்கள்.

சித்தப்பா வேலையில் சேர்ந்து இது மூன்றாவது வருஷம். நான் படிப்பை முடித்து, திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு கருவி தவறாகக் காட்டினால் அதைத் திருத்திவிட முடியும். என்ன அளக்க வேண்டும் என்று முடிவு செய்ததே தவறாக இருந்தால், கருவியில் அது தெரியவே தெரியாது. இதைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்லும்போது நான் சித்தப்பாவைப் பற்றிச் சொல்வதில்லை. ஆனால் அவரை நினைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

இன்றைய நிலவரம் இது. காலையில் இரண்டு பேரும் ஒரே வண்டியில் போகிறோம். சித்தப்பாவுக்கு இரண்டு கைகளாலும் ஐந்து பாடல்கள் வாசிக்க வரும். புதிதாக ஒரு தாளை முன்னால் வைத்தால் உடனே வாசிக்க வராது. ஆறாவது பாட்டைப் பொங்கலிலிருந்து பழகிக்கொண்டிருக்கிறார். நேற்று கேட்டேன், மூன்றாவது வரிவரை வந்திருக்கிறது என்றார்.