தலைவருக்குத் துணை

ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்தவன் நான். ஒரே ஒரு வாக்கியத்தால் கெடுத்தேன். அதைச் சொன்னபோது எனக்கு அறுபத்தெட்டு வயது. அறியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

ஒஸ்லோவில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் யாப்பை, அதாவது விதித் தொகுப்பை, திருத்தி எழுதியவன் நான்தான். ‘உபதலைவர்’ என்றிருந்ததை, ‘உப’ வடமொழி என்று சொல்லி ‘துணைத் தலைவர்’ ஆக்கினேன். கூட்டத்தில் கை தட்டினார்கள். தலைவர் பதவிக்கு நிற்பவர் தன் துணைத் தலைவரையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும் என்ற விதியும் அதில் இருந்தது.

அந்த வருடம் தலைவருக்கு நின்றவர் என் பழைய நண்பர். வட நோர்வேயில் பாட்ஸ்பியோர்ட் மீன் ஆலையில் வேலை செய்த காலத்தில் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். என்னைத்தான் சேர்ப்பார் என்று நினைத்து, மேடையில் சொல்ல நாலு வரி எழுதியும் வைத்திருந்தேன். அவர் தொலைபேசியில் அழைத்தார்.

“கோவிக்காதை. இந்த முறை அவவைக் கேட்டிருக்கிறன். நகரசபைக் கொம்யூனோடை கதைச்சு எங்களுக்கு மண்டபம் எடுத்துத் தந்தது அவதானே.”

“நல்லது” என்றேன். எழுதி வைத்த நாலு வரியை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தேன்.

அவர் சொன்ன பெண் கணவரை இழந்தவர். ஐம்பதைத் தாண்டியவர். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிப்பது அவர் வேலை. தனியே இருக்கும் எங்கள் முதியவர்களுக்குக் கிழமைக்கொரு ஒன்றுகூடல் வேண்டும் என்று மூன்று வருடமாகச் சங்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நிர்வாகத்துக்குள் வந்தால் அதை நடத்தலாம் என்றுதான் சம்மதித்திருந்தார்.

அடுத்த சனிக்கிழமை, ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில், பிள்ளைகளின் தமிழ் வகுப்பு முடியும்வரை ஆண்கள் ஐந்து பேர் நடைவழியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அமெரிக்காவில் ஒரு சனாதிபதி வேட்பாளர் தன்னோடு நிற்கப்போகிறவரை அறிவித்திருந்த கிழமை அது.

“அந்தாள் தன்ரை சோடியை அறிவிச்சிட்டார், கேட்டனியளோ?”

“ஆரைப் போட்டாலென்ன? வெண்டாப் பிறகு ஓரமா இருத்தி வைக்கிறதுதானே.”

“அங்கை பரவாயில்லை, தலைவர் ஏலாமப் போனா நாட்டை ஆளலாம். எங்கடை தலைவர் ஏலாமப் போனா மைக்கை மட்டும்தான் பிடிக்கலாம்.”

“அதுவும் எங்கடை மைக் வேலை செய்தால்.”

சிரித்தோம். பிறகு ஒருவர் கேட்டார்: “எங்கடை ஆள் ஏன் மாஸ்டரை விட்டிட்டு அவவைப் போட்டவர்?”

மாஸ்டர் என்று அவர்கள் அழைப்பது என்னைத்தான். நால்வரும் என்னைப் பார்த்தார்கள். என் நண்பரின் மனைவி அப்போது மகளின் பிள்ளைப்பேற்றுக்காக துரொண்ட்ஹெய்முக்குப் போய் மூன்று மாதமாகியிருந்தது.

“நீங்கள் பிழையா வாசிக்கிறியள்” என்றேன். “அது துணைத் தலைவர் இல்லை. தலைவருக்குத் துணை.”

ஒருவருக்குத் தேநீர் புரையேறியது. அந்தச் சிரிப்பு எனக்கு இதமாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டே நாளில் அந்த வாக்கியம் துரொண்ட்ஹெய்மில் நண்பரின் மனைவியின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கிழமை முடிவதற்குள் அந்தப் பெண் ஒற்றை வரிக் கடிதம் எழுதிப் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். நண்பர் என் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஆரோ ஒரு நாய் கதை கட்டிவிட்டிருக்கு. இப்ப நீதான் நிக்கவேணும்.”

நின்றேன். எழுதி வைத்திருந்த நாலு வரியும் உதவின. இரண்டு வருடம் துணைத் தலைவராக இருந்தேன். ஒன்றுகூடல் பற்றிய கோரிக்கை வரும்போதெல்லாம் ‘அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்’ என்று எழுதி வைத்தேன். அந்தப் பெண் அதன்பின் எந்த நிகழ்வுக்கும் வரவில்லை. ஒருமுறை சுரங்க ரயில் மேடையில் என்னைக் கண்டதும், தள்ளி நடந்து அடுத்த பெட்டியில் ஏறினார்.

போன இலையுதிர் காலத்தில், பொதுக்கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். நண்பர் என்னைப் பார்க்காமலே மண்டபத்தை விட்டு வெளியேறினார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் “என்ன பகிடி அது?” என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். இரண்டாவது வரிசையில் ஒருத்தி நோர்வேஜிய மொழியில் விளக்கத் தொடங்கினாள். விளக்கம் வரிசை வரிசையாகப் பின்னால் போவதையும், விளங்கிய முகங்கள் ஒவ்வொன்றாக நிமிர்வதையும் மேடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் உள்ளே கூப்பிடவில்லை.

“மறந்த ஆக்களுக்கும் ஞாபகப்படுத்திப்போட்டியள், மாஸ்டர். தெரியாத பிள்ளையளுக்கும் சொல்லிக் குடுத்திட்டியள்.”

“நான்தான் சொன்னதெண்டு உங்களுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது எண்டு...”

“அது அண்டைக்கே தெரியும். இஞ்சை தமிழை வைச்சு இவ்வளவு வடிவா விளையாட வேறை ஆர் இருக்கினம்?”

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

“மேடையிலையே சொன்னனீங்கள்? தேத்தண்ணி குடிக்கேக்கைதானே? அந்த ஆக்களிட்டைப் போய்ச் சொல்லுங்கோ.” கதவு சாத்தப்பட்டது.

நால்வரின் வீட்டுக்கும் தனித்தனியே போனேன். பொறாமையில் சொன்னது, அதில் ஒரு சொட்டு உண்மையும் இல்லை என்றேன். ஒருவர் “பகிடிதானே, விடுங்கோ” என்றார். இன்னொருவர் தான் அன்று சிரிக்கவேயில்லை என்று சாதித்தார். மூன்றாமவர் பேச்சை மாற்றினார். நான்காமவர் மட்டும், தன் மனைவி அன்றே தன்னோடு சண்டை பிடித்ததாகச் சொல்லித் தலையைக் குனிந்தார். அவருக்குத்தான் புரையேறியிருந்தது.

சங்கம் இந்த வருடம் அந்தப் பெண்ணைத் துணைத் தலைவராக நிற்கும்படி மறுபடி கேட்டது. மறுத்துவிட்டார். தான் குடியிருக்கும் கட்டடத்தின் பொது அறையில், வியாழன் மத்தியானங்களில், சங்கத்தின் பெயரில்லாமல் ஒன்றுகூடலைத் தொடங்கினார். மூன்றாவது வியாழன் அழைப்பில்லாமலே போய் வாசலில் நின்றேன். நானும் தனியே இருப்பவன்தான்.

அவர் சுவரோரம் அடுக்கியிருந்த நாற்காலிகளைக் காட்டினார்.

“இஞ்சை தலைவரும் இல்லை, துணையும் இல்லை, மாஸ்டர். அந்தக் கதிரையளை எடுத்துப் போடுங்கோ.”

போட்டேன். இப்போது ஒவ்வொரு வியாழனும் போகிறேன். மற்றவர்களுக்கு ஊற்றுவதுபோலவே எனக்கும் தேநீர் ஊற்றுகிறார். ஆனால் பின் மேசையில் ஆண்கள் யாராவது தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிச் சிரித்தால், ஊற்றுகிற கை ஒரு கணம் நிற்கிறது. பிறகுதான் மறுபடி ஊற்றுகிறார்.