அண்ணா களிமண்ணில் செய்த தங்கச்சி

"ஆர் பிள்ளை இது?"

பென்சிலால் கீறிய படத்தை இரண்டு கையாலும் பிடித்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், நெடுநேரம் பார்த்துவிட்டு அம்மா கேட்ட கேள்வி அது. கேலியாகக் கேட்கவில்லை. கோபமும் இல்லை. அயலில் இருக்கும் பிள்ளை ஒன்று வழி தவறி எங்கள் வளவுக்குள் வந்து நின்றால் எப்படிக் கேட்பாரோ அப்படித்தான் கேட்டார். அண்ணா படத்தை வாங்கி அட்டைக்குள் வைத்துக்கொண்டார். அது எங்கள் கடைசித் தங்கச்சியின் முகம். அவள் செத்து அப்போது எட்டு மாதம்.

அறுபதுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டத்துக் காணியில் வயல் செய்த குடும்பம் எங்களுடையது. பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். கொழும்பில் சித்திரம் படித்த அண்ணா, நடுவில் நான், என்னைவிட ஏழு வயது இளைய தங்கச்சி. வாய்க்கால் உடைந்து றோட்டெல்லாம் வெள்ளம் நின்ற ஒரு மாரியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் அவள் இல்லை. அவளைப் படம் பிடித்து வைக்க எங்களுக்குத் தோன்றியதே இல்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன அவசரம் என்று இருந்துவிட்டோம். அம்மா ஒரு மாதம் அழுதார், பிறகு கதைப்பதை நிறுத்திவிட்டார். சமைத்தார், மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார், கேட்டதற்கு ஓம், இல்லை என்றார், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைகளில் என்னையும் தங்கச்சியையும் கிணற்றடியில் இருத்தி, தலைக்கு எண்ணெய் தப்பி, அரப்பு வைத்து, தலை முழுகத் தோயவார்ப்பது அவருடைய வழக்கம். அதையும் விட்டுவிட்டார். எனக்கு வயது பதினான்கு. என் தலைக்கு நானே எண்ணெய் வைத்துக்கொண்டேன்.

படிப்பின் கடைசி வருடத்தில் அண்ணாவுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஏதாவது ஒரு முகத்தை எடுத்துக்கொண்டு, அதையே பென்சிலிலும் நீர்வர்ணத்திலும் லினோ அச்சிலும் களிமண்ணிலும் செய்ய வேண்டும். நாலும் இருந்தால்தான் சான்றிதழ். மற்ற மாணவர்கள் மீன்காரியையும் பிச்சைக்காரக் கிழவரையும் தேடிக் கொழும்புத் தெருக்களில் அலைந்தார்களாம். அண்ணா நீண்ட விடுமுறைக்குப் பெட்டியும் தாள்களுமாக வீட்டுக்கு வந்து, தங்கச்சியைக் கீறப்போவதாகச் சொன்னார். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "செத்த பிள்ளையைக் கீறியோ நீ சோதினை பாஸ் பண்ணப்போறாய்?" என்று கேட்டார். அண்ணா தலையைக் குனிந்துகொண்டே, "மறந்துபோக முன்னம் கீறவேணும் அப்பா" என்றார். எனக்கு அது அன்றைக்கு விளங்கவில்லை. எட்டு மாதத்தில் ஒரு முகம் மறந்துபோகுமா என்று எண்ணினேன். இரவு பாயில் கிடந்து அவளுடைய மூக்கை நினைத்துப் பார்த்தேன். அது வரவில்லை, என் மூக்குத்தான் வந்தது.

பென்சில் படம் போன கதையைச் சொன்னேன். நீர்வர்ணப் படம் அதைவிட நன்றாக இருந்தது என்பது என் எண்ணம். மஞ்சள் சட்டை போட்டு வேலிக்கு நட்ட கதியால் தடியில் சாய்ந்து நிற்கிறாள். அம்மா சட்டையில் விரலை வைத்து, "சட்டை அவளின்ரதான்" என்றார். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது, லினோ. தரைக்கு விரிக்கிற லினோலியத் துண்டு ஒன்றைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்து, சின்ன உளிகளால் அண்ணா கிழமைக்கணக்கில் செதுக்கினார். மையைப் பூசித் தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்தபோது நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். அவளேதான். அம்மா பார்த்த மாத்திரத்தில், "மச்சம் மற்றப் பக்கமெல்லே" என்றார். அச்சில் இடம் வலமாகிவிடும் என்பது அண்ணாவுக்குத் தெரியாததல்ல. தங்கச்சியின் முகம் என்றதும் படித்தது கைக்கு வரவில்லை. மற்றொரு துண்டு லினோவும் இருக்கவில்லை. அதை அப்படியே அட்டைக்குள் வைத்தார்.

களிமண் வேலையைக் கொட்டிலில் தொடங்கினார். வாய்க்கால் கரையில் வெட்டிய களியை நாங்கள் இருவரும் மிதித்துப் பதமாக்கினோம். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, அம்மா தேங்காய் துருவிய கையோடு குசினியிலிருந்து வந்து நின்றார். அண்ணாவுக்கு முகம் ஓரளவு வந்திருந்தது. அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, பின்னால் போய், மண்தலையின் பின்பக்கத்தைத் தடவினார். "இப்பிடி இல்லைத் தம்பி. இதில ஒரு பள்ளம் இருக்கு. எண்ணெய் வைக்கேக்க என்ர பெருவிரல் அதிலதான் போய் நிக்கும்." கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலை அழுத்தினார். பள்ளம் விழுந்தது. அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது, அம்மா அவளைக் கண்ணால் வைத்திருக்கவில்லை, கையால் வைத்திருந்தார் என்று. அதற்குப் பிறகு பத்து நாள் அம்மா கொட்டிலிலேயே இருந்தார். காது இன்னும் கொஞ்சம் பதிவாய்க் கீழே வரவேணும், உச்சியில் மயிர் சுழி இரண்டு, நாடி இப்பிடிக் கூராய் வராது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் கதைக்காத மனிசி. அப்பா வயலால் வந்து வேலியோரம் நின்று அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, மண்வெட்டியை வைத்துவிட்டுப் போனார். படத்தைப் பற்றி அதன்பிறகு அவர் முறைப்பாடு சொன்னதில்லை.

விடுமுறை முடிந்தது. அண்ணா அந்த மண்தலையின் உள்ளே களியைக் கோதி எடுத்து, மேலே ஈரத்துணி போர்த்திவிட்டு, என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். துணி காயக் காயத் தண்ணீர் தெளிக்க வேண்டும், கெதியில் காய்ந்தால் வெடித்துவிடும், எப்போது காயவிடுவது என்று வாத்தியாரிடம் கேட்டு எழுதுவேன், பிறகு வந்து பரந்தனில் செங்கல் சூளைக்குக் கொண்டுபோய்ச் சுட்டு எடுப்போம் என்று. நானும் நாள் தவறாமல் தண்ணீர் தெளித்தேன். அம்மா பக்கத்தில் இருந்து பார்ப்பார். அதற்குப் பூ வைப்பார். பள்ளிக்கூடத்தில் நடந்ததை நான் சொல்லத் தொடங்கினால், "பொறு பிள்ளை" என்று துணியைச் சரிசெய்வார். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, எனக்கு எரிச்சல் வந்தது. உயிரோடு ஒருத்தி தலை பறட்டையாக நிற்கிறாள், மண்ணுக்குப் பூவா என்று வந்தது. செத்தவள்மேல் பொறாமைப்பட்ட பிள்ளை நான். இதை எழுத இத்தனை வருடம் எடுத்திருக்கிறது.

ஒருநாள் அண்ணாவின் கடிதம் வந்தது. அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. வருகிற கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வேன். முதல் பக்கம் சுகம் விசாரிப்பு. இரண்டாம் பக்கத்தின் பாதி முழுவதும் அந்தத் தலையைப் பற்றி. இனித் துணியை எடுத்துவிடலாம், நிழலில் காயட்டும், காய்ந்தாலும் சுடாத களியில் ஒரு சொட்டுத் தண்ணீரும் படக்கூடாது, பட்டால் கரைந்துவிடும், இதை அம்மாவுக்கு வடிவாய் விளங்கப்படுத்து என்று கீழே கோடும் போட்டிருந்தார். என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் சோதினையில் முதலாவதாக வந்ததை அவருக்கு எழுதியிருந்தேன். அதற்கும் ஒரு சொல் இல்லை. நான் முதல் பக்கத்தோடு நிறுத்திக் கடிதத்தை மடித்தேன். "அவ்வளவுதானோ?" என்று அம்மா கேட்டார். "ஓம், அவ்வளவுதான்" என்றேன். துணியை நானே எடுத்தேன். எனக்குத் தெரிந்தால் போதாதா என்று இருந்துவிட்டேன்.

மூன்று கிழமையில் தலை வெளிறிக் காய்ந்தது. கழுத்தடியில் மயிரிழை போல இரண்டு வெடிப்பு. அதைக் கண்ட நாள் முதல் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஏன் பிள்ளை இப்ப தண்ணி தெளிக்கிறேல்லை? தோல் வறண்டெல்லே கிடக்குது" என்று கேட்டார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, "தேவையில்லை அம்மா" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். ஏன் தேவையில்லை என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அன்று வெள்ளிக்கிழமை.

பின்னேரம் வந்தபோது அம்மா கிணற்றடியில், தோய்கிற கல்லுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். சீலை முழுவதும் சேறு. எண்ணெய்க் கிண்ணமும் அரப்புச் சட்டியும் கிடந்தன. வாழையடிக்குப் போகிற தண்ணீர் களியாகக் கலங்கி ஓடியது. மடியில் ஒரு மண் கட்டியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார். "வெள்ளிக்கிழமையெண்டு தோயவார்த்தனான் பிள்ளை. வார்க்க வார்க்கக் கரைஞ்சு போறாள். பிடிக்கப் பிடிக்கப் போறாள்" என்றார். முதல்முறை அவள் போனபோது நான் அழுதது அம்மாவைப் பார்த்து. இரண்டாம்முறை போனபோது என்னால் அழ முடியவில்லை, எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த கிழமை அண்ணா ரயிலில் வந்து இறங்கினார். வாசலிலேயே அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஏன் ராசா, தண்ணி படக்கூடாதெண்டு ஒரு சொல்லு எழுதியிருக்கலாமே?" அண்ணா என்னைப் பார்த்தார். ஒருமுறைதான் பார்த்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அம்மாவிடம், "எழுத மறந்துபோனன் அம்மா. என்ர பிழைதான்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

திரும்பச் செய்யலாம் என்று அப்பா சொன்னார். நாளும் இருந்தது, களியும் இருந்தது. அண்ணா ஒரு உருண்டையைப் பிசைந்து வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா வரவில்லை. அந்தப் பள்ளத்தை அம்மாவின் விரல் இல்லாமல் வைக்க முடியாது என்று அண்ணாவுக்குத் தெரியும். மூன்று வேலைகளை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தார். சான்றிதழ் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் மறுபடி தோற்றலாம் என்றார்களாம். அவர் போகவில்லை. கிளிநொச்சியில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, அதிலேயே ஓய்வுபெற்றார். பிறகு அவர் படம் கீறி நான் பார்த்ததில்லை.

பல வருடம் கழித்து, எனக்குக் கலியாணமாகிப் பிள்ளையும் பிறந்த பிறகு, பஸ்ஸுக்கு நின்ற இடத்தில், "அண்ணா, அந்தக் கடிதம்" என்று தொடங்கினேன். "பஸ் வருது, பிள்ளையைத் தூக்கு" என்றார். பஸ் வர இன்னும் அரை மணித்தியாலம் ஆனது. அவ்வளவு நேரமும் வேறு கதை கதைத்தார். வீட்டில் அதற்குள் ஒரு வழக்கம் வந்திருந்தது. எது தவறினாலும் அம்மா, "அவன் மறதிக்காரன்" என்பார். அண்ணாவைக் கட்டி வந்த அண்ணியும் அதையே சொன்னார், பிறகு அவர்களுடைய பிள்ளைகளும் சொல்லிச் சிரித்தார்கள். அண்ணாவும் சேர்ந்து சிரித்தார். கடைசிக் காலத்தில், படுக்கையில் கிடந்த அம்மா நினைவு வந்து போகிற நேரத்திலும், "ஒரு சொல்லு எழுதியிருக்கலாம் ராசா" என்றார். "ஓம் அம்மா" என்றார் அண்ணா. நான் அம்மாவின் கால்மாட்டில் நின்றேன். அப்போதும் சொல்லவில்லை.

அண்ணா போன வருடம் போய்விட்டார். படங்கள் மூன்றும் கல்லூரியிலிருந்து திரும்பி வரவேயில்லை. கடிதம் எந்த இடப்பெயர்வில் எங்கே விழுந்ததோ தெரியாது. முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற நினைவு மலரில் போட, அவருடைய மகள் ஒரு குறிப்பு எழுதி என்னிடம் காட்டினாள். 'எங்கள் அப்பா அன்பானவர், அமைதியானவர், எதையும் மறந்துவிடுகிற மறதிக்காரர்' என்று பாசத்தோடு எழுதியிருந்தாள். மாமி, நீங்களும் ஏதாவது எழுதித் தாங்கோ என்று கேட்டாள். ஓம் என்று தாளை வாங்கி வந்தேன். அந்த மலர் என் குறிப்பு இல்லாமலே வந்தது. இதைத்தான் அன்றைக்கு எழுதியிருக்க வேண்டும்.

அண்ணா எழுதினவர், அம்மா. நான்தான் வாசிக்கேல்லை.