கடைசி இரண்டு பொட்டலம்

என் கணவர் கடைத் தக்காளியைப் ‘பந்து’ என்றுதான் சொல்வார். பெங்களூர் ஓரத்தில், ஹெப்பகோடியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு மொட்டை மாடியில், பெயின்ட் டப்பாவிலும் உடைந்த வாளியிலும் ஒரே ஒரு ரகத்தை இருபது வருஷமாக வளர்க்கிறார். ஃபேக்டரியில் அவரோடு வேலை பார்த்த ஒருவர், அத்திபெலே பக்கத்துக்காரர், தன் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த பழத்தில் எடுத்த விதை. அந்த மனிதரும் இப்போது இல்லை. தோட்டம் இருந்த இடத்தில் வீட்டுமனை லேஅவுட் போட்டுவிட்டார்கள். பழம் பூசணிக்காய் மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். பழுத்த பிறகும் காம்பைச் சுற்றிப் பச்சை போகாது. ரசத்துக்குப் புளியே கரைக்க வேண்டாம், இரண்டு பழத்தைப் பிசைந்து விட்டால் போதும்.

ரிடையர் ஆன பிறகு அவர் வாய் திறந்து பேசுவது அந்தச் செடிகளைப் பற்றி மட்டும்தான். நல்ல பழமாகப் பார்த்துப் பறித்து, விதையைப் பிதுக்கி, டம்ளரில் இரண்டு நாள் ஊறவிட்டு, வழவழப்புப் போகக் கழுவி, சாம்பலில் புரட்டி நிழலில் காயவைப்பார். கடைசியில் காலண்டர் தாளில் மடித்துப் பொட்டலம் கட்டுவார். அந்த வேலையில் என்னைக் கிட்டே சேர்க்கவே மாட்டார். எனக்கு அவசர புத்தியாம். உண்மைதான்.

போன வருஷம் ஆவணியில் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. ஒரு மாதம் மாடி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வாரமே வரமகாலட்சுமி விரதம். ஊரில் நான் செய்யாத பூஜை. இங்கே வந்து, அக்கம்பக்கத்தைப் பார்த்துப் பழகிக்கொண்டது. சாயங்காலம் தெருப் பெண்களை அரிசினா குங்குமத்துக்கு, அதாவது மஞ்சள் குங்குமத்துக்கு, கூப்பிட்டு, வெற்றிலை பாக்கோடு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுக்க வேண்டும். இந்த முறை ஆளுக்கு ஒரு விதைப் பொட்டலமும் வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு படுத்திருந்தவரிடம் கேட்டேன். தாராளமாகக் கொடு என்றார், இரண்டை மட்டும் நமக்கு எடுத்து வைக்கச் சொன்னார்.

எல்லாரும் வந்து போன பிறகு, கீழ்வீட்டு அம்மா மைசூரிலிருந்து வந்திருந்த தன் நாத்தனார்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். ரவிக்கைத் துணி தீர்ந்துவிட்டது. வெறும் வெற்றிலையும் வாழைப்பழமும் வைத்து நீட்டினால் என் கௌரவம் என்ன ஆவது? எடுத்து வைத்திருந்த இரண்டு பொட்டலத்தையும் அந்தத் தட்டுகளில் வைத்துவிட்டேன். மாடியில்தான் செடி இருக்கிறதே, பழம் வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் பிடித்த மழை ஒன்பது நாள் விடவில்லை. இலையில் முதலில் பழுப்புப் புள்ளி வந்தது, பிறகு தண்டு கறுத்தது. வேப்பெண்ணெய் தெளித்தேன், அடித்த மழையில் கழுவிக்கொண்டு போனது. பிளாஸ்டிக் ஷீட் கட்டினேன், காற்று பிய்த்துக்கொண்டு போனது. இருந்த காயெல்லாம் பச்சையாகவே அழுகி, தொட்டால் கையோடு வந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கீழே வந்தால், செடி எப்படி இருக்கிறது என்று கேட்பார். மழைதான் கொஞ்சம் ஜாஸ்தி என்பேன்.

வெட்கத்தை விட்டு வீடு வீடாகப் போய் விதையைத் திருப்பிக் கேட்டேன். ஒருத்தி பூவோடு சேர்த்துக் கூட்டித் தள்ளிவிட்டாளாம். இரண்டு பேர் நான் கொடுத்த பையைப் பிரிக்காமலே அடுத்த வீட்டுத் தாம்பூலத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அதில் நான் குறை சொல்ல முடியாது, எனக்கு வந்த ரவிக்கைத் துணிகளையும் நான் அப்படித்தான் தள்ளிவிடுவேன். விதைத்த ஒருத்தியின் தொட்டியிலோ தண்ணீர்தான் நின்றது. மைசூருக்குப் போன் போடச் சொன்னேன். அவர்கள் பஸ்ஸிலேயே பையை விட்டுவிட்டார்களாம்.

கடைசியில் நர்சரியில் ‘நாட்டுத் தக்காளி’ என்று எழுதியிருந்த பாக்கெட்டை வாங்கினேன். விதையைச் சாம்பலில் புரட்டி, காலண்டர் தாள் கிழித்து, அவர் மடிப்பது போலவே இரண்டு பொட்டலம் மடித்து வைத்தேன். சொல்லிவிடத்தான் நினைத்தேன். ஒவ்வொரு நாளும் அவர் கண்ணில் சொட்டு மருந்து விடும்போது வார்த்தை தொண்டை வரை வரும். ஆறட்டும், பிறகு சொல்லலாம் என்று மென்று முழுங்கிவிடுவேன்.

மாடி ஏற அனுமதி கிடைத்த அன்றே, மழையில் அழுகிய செடிகளை அப்புறப்படுத்திவிட்டு, அவர் அதில் ஒரு பொட்டலத்தைப் பிரித்து விதைத்தார். நாற்று வந்தது. குச்சி நட்டுக் கட்டினார். இலையைக் கசக்கி என் மூக்கருகே நீட்டினார், அதே வாசனைதான். ஒருவேளை அதே ரகமாக இருந்துவிடாதா என்று சாமியைக்கூடக் கேட்டுக்கொண்டேன். பூ விட்டதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. செடியைப் பிடுங்கிப் போடவும் மனம் வரவில்லை, அவர் அப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்தார்.

மார்கழியில் காய் பழுத்தது. முட்டை மாதிரி, மழமழவென்று, காம்பு வரை ஒரே சிவப்பு. ஒரு பழத்தைப் பறித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு விள்ளல் கடித்தார். கோபப்படுவார் என்றுதான் காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன்.

“ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த விதை இது. அப்ப எனக்கு எங்க கண்ணு தெரிஞ்சுது? எந்தப் பழத்தப் பறிச்சேனோ என்னமோ. இருபது வருஷமா இருந்தத நானே கெடுத்துட்டேன்,” என்றார்.

“ஏங்க, அப்படியெல்லாம் இல்ல,” என்றேன்.

அவர் கடித்த பழத்தை மேடையில் வைத்துவிட்டுக் கையைக் கழுவினார்.

“இனிமே விதைக்கு நீயே பாத்து எடும்மா. என்ன நம்பாத,” என்றார்.

நான் சரி என்றேன்.