புளி போட்டுத் தேய்த்த கொக்கி

போன வாரம் பெருங்களத்தூரில் ஒரு லேபுக்குப் போயிருந்தேன். சுகர், கொலஸ்ட்ரால் பார்க்கிற லேப் இல்லை. இரும்பு, பித்தளையைச் சோதிக்கிற லேப். அங்கே எனக்கென்ன வேலை என்கிறீர்களா? வேலை எனக்கில்லை, செல்விக்கு.

சேலையூரில் எங்கள் வீட்டு வேலைக்கு வருகிறவர் செல்வி. கணவர் ரவி பெயின்டர். புது அபார்ட்மென்ட்டுகளில் கயிற்றில் தொங்கியபடி வெளிச்சுவருக்கு வர்ணம் அடிப்பார். இந்தக் கோடையில் ஒரு நாள் இடுப்பு பெல்ட்டின் கொக்கி ஒடிந்து... விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

கான்ட்ராக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார்: "கொக்கி நல்ல கொக்கி. குடிச்சுட்டு ஆட்டம் போட்டான், ஒடிஞ்சுது."

செல்விக்கு இதுதான் நெஞ்சை அறுத்தது. "அவரு பீடிகூட தொட மாட்டாரு சார். கொக்கி துருப்புடிச்சுக் கீதுன்னு சொல்லிக்கினே இருந்தாரு. மாத்தித் தரல. இப்ப செத்த மனுசன குடிகாரன்றாங்க. ஊரும் நம்புது."

கூட வேலை பார்த்தவர் ஒடிந்த கொக்கியை எடுத்துவந்து செல்வியிடம் கொடுத்திருந்தார். எங்கள் மாடி வீட்டு ஆல்பர்ட்டுக்கு அந்த லேபில்தான் வேலை. விஷயத்தைச் சொன்னேன்.

"கொண்டாங்க சார், பார்த்துடலாம். துருப்பிடிக்காம இருக்க மேல துத்தநாகம் பூசியிருப்பாங்க. மலிவு சரக்குன்னா பேருக்குத்தான் பூசியிருப்பான். அளந்தா தெரிஞ்சுடும்" என்றார்.

அளப்பது எப்படி? வாஷிங் மெஷின் சைஸில் ஓர் இயந்திரம். கொக்கியின் தட்டையான பக்கத்தை அதில் பொருத்தி, காற்றை உறிஞ்சிவிட்டு, கொஞ்சம் ஆர்கான் வாயுவை விடுவார்களாம். பிறகு கரன்ட் — தொடர்ந்து இல்லை, துடிப்புத் துடிப்பாக, கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாத வேகத்தில். தொடர்ந்து கொடுத்தால் சூட்டில் மெல்லிய பூச்சு கெட்டுவிடுமாம். ஒவ்வொரு துடிப்புக்கும் வாயு ஒளிரும். உலோகத்தின் மேல்தோலிலிருந்து அணுக்கள் உதிரும். உதிர்ந்தவையும் ஒளிரும். துத்தநாகத்தின் ஒளி வேறு, இரும்பின் ஒளி வேறு. துத்தநாகம் எவ்வளவு நேரம் ஒளிர்ந்த பிறகு இரும்பு தலைகாட்டுகிறது என்று பார்த்தால் பூச்சின் கனம் தெரிந்துவிடும். எனக்குப் பாதிதான் புரிந்தது. கான்ட்ராக்டர் மாட்டப் போகிறார் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

செல்வி மஞ்சள் பையிலிருந்து கொக்கியை எடுத்தார். பளபளவென்று இருந்தது. நடுவில் சந்தனம், குங்குமம்.

ஆல்பர்ட் முகம் மாறிவிட்டது. "யாரும்மா இதைத் தேய்ச்சது?"

"நான்தான் சார், ஆயுத பூஜைக்கு. அவரு பிரஷ்ஷு, பட்டி பிளேடு, இது... எல்லாத்தையும் புளில ஊற வெச்சு, செங்கத்தூள் போட்டுத் தேச்சு, படத்தாண்ட வெச்சேன். வருசா வருசம் அவரு பண்ணுவாரு. இந்த வருசம் நான்தானே பண்ணணும்?"

அதே நாளில் நானும் லேப்டாப்புக்குப் பொட்டு வைத்தவன்தான். புளி போட்டுத் தேய்க்கவில்லை, அவ்வளவுதான்.

சந்தனத்தைத் துடைத்துவிட்டு, ஆல்பர்ட் சோதித்துப் பார்த்தார். கம்ப்யூட்டர் திரையில் ஆரம்பத்திலேயே இரும்பின் கோடு விர்ரென்று ஏறியது. துத்தநாகத்தின் கோடு படுத்தது படுத்தபடி கிடந்தது. இடம் மாற்றி மாற்றி வைத்தார். அதே கதை.

என்னைத் தனியே கூப்பிட்டார். "புளி துத்தநாகத்தைத் தின்னுடும் சார். இதுல மொதல்லயே பூச்சு இல்லையா, இல்ல புளி தின்னுச்சா... இனிமே யாராலயும் சொல்ல முடியாது. இருந்த துருவும் போச்சு. இடுக்கு விடாம தேய்ச்சிருக்காங்க."

மெதுவாகத்தான் சொன்னார். செல்விக்குக் கேட்டுவிட்டது.

"அப்ப நான்தான் அழிச்சுட்டனா சார்?"

ஆல்பர்ட் தலையைக் குனிந்துகொண்டார். என்னால் தாங்க முடியவில்லை. "இல்லம்மா. அதுல மொதல்லயே பூச்சு கிடையாது. நீங்க தேய்க்காம இருந்தாலும் இப்படித்தான் வந்திருக்கும்" என்றேன்.

செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு தெம்பு.

"அப்ப அதையே எழுதிக் குடுத்துடுங்க சார். போதும்" என்றார் என்னிடம்.

வாரா வாரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். அதை எழுத முடியவில்லை.