கயிறு பிடித்தவர்களின் பங்கு

சொகுசுக் கப்பலில் வருகிறவர்களுக்குக் கரையைச் சுற்றிக் காட்டுவதுதான் என் வேலை என்று சொன்னால், எங்கள் குடியிருப்பில் எல்லோரும் முதலில் கேட்பது, "நீ எப்பவாவது கப்பல்ல போயிருக்கியா?" என்பதுதான். போயிருக்கிறேன் என்பேன். எட்டு வயதுச் சிறுமியாக, மன்னாரிலிருந்து கற்பிட்டிக்கு. உணவு வழங்கப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வேன். சிரிப்பவர்கள் சிரிப்பார்கள். எங்கள் வயதுக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அது கப்பல் அல்ல, மீன் வாடை போகாத ஒரு வள்ளம். தொண்ணூறாம் ஆண்டு, எங்கள் முஸ்லிம் ஆட்கள் எல்லோரும் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று இயக்கத்தின் உத்தரவு வந்தபோது, வள்ளத்துக்காக மன்னார்க் கரையில் இரண்டு நாள் கிடந்தோம். இரண்டாம் நாள் உம்மா மூன்று கல்லை வைத்து உலையேற்றினாள். அரிசி கொதித்துக்கொண்டிருக்கும்போது வள்ளம் வந்துவிட்டது. "அஞ்சு நிமிஷம் பொறுங்க தம்பி, சோறு வடிச்சிட்டு வாறன்" என்று உம்மா கேட்டாள். வள்ளக்காரன் பொறுக்கவில்லை. அவனுக்கும் அவன் பயம் இருந்திருக்கும், நான் குறை சொல்லமாட்டேன். பானை அடுப்பிலேயே இருக்க, நாங்கள் ஏறினோம். கரை மங்கும் வரைக்கும் அந்த அடுப்புப் புகை தெரிந்தது. வீட்டை, கிணற்றை, தென்னைகளை எல்லாம் விட்டுவிட்டு வந்தவள், அவற்றைப் பற்றி அதிகம் கதைப்பதில்லை. கதைத்தால் அந்தச் சோற்றைப் பற்றித்தான் கதைப்பாள்.

இந்தப் பக்கம் வந்து முகாமில் இருந்தபோது அரிசி கிடைத்தது, கறி கிடைக்கவில்லை. மாம்புரிக் கரையில் கரைவலை இழுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, உம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கரைவலை என்பது வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் வளைத்து விடுகிற பெரிய வலை. அதன் இரண்டு பக்கக் கயிற்றையும் முப்பது நாற்பது பேர் கரையில் நின்று மணிக்கணக்கில் இழுப்பார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியின் கூலியாட்களோ, வழியில் போனவர்களோ, கயிற்றில் கை வைத்து வலை கரையேறும் வரைக்கும் நின்றவர்கள் யாராக இருந்தாலும் அவர்களுக்குக் கறிக்கு மீன் உண்டு. கேட்க வேண்டியதில்லை. சம்மாட்டி மணலில் குவியல் போடுவார், அவரவர் குவியலை அவரவர் எடுத்துக்கொள்ளலாம்.

உம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றின் கடைசியில் போய் நின்றாள். ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. கடைசியில் மற்றவர்களுக்குப் போட்ட அதே அளவில் அவளுக்கும் ஒரு குவியல் விழுந்தது. முகாமில் வரிசையில் நின்று வாங்கும்போது அவள் தலை குனிந்தே இருக்கும். அந்த மீனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவள் நடந்த நடையை நான் அதற்குப் பிறகும் பலமுறை நடந்து பார்த்திருக்கிறேன், எனக்கு வரவில்லை.

போர் முடிந்தது. கற்பிட்டியில் ஹோட்டல்கள் முளைத்தன. டொல்பின் பார்க்கவும் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கவும் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். நான் ஆங்கிலம் படித்து, வழிகாட்டி லைசன்ஸ் எடுத்து, கொழும்பில் ஒரு சுற்றுலா நிறுவனத்துக்கு வேலை செய்யத் தொடங்கினேன். வேலை என்றால், வேறு யாரும் கிடைக்காத நாளில் எனக்குப் போன் வரும். அவ்வளவுதான்.

அந்த நிறுவனத்துக்கு ஒரு கப்பல் கொம்பனி வாடிக்கை. நூறு பேர் மட்டும் போகிற சின்னச் சொகுசுக் கப்பல்கள். கொச்சியில் கிளம்பி, எங்கள் கரையை ஒட்டி இறங்கி, பினாங்கு வரைக்கும் போகும். எங்கள் பக்கம் நங்கூரம் போட்டால் பயணிகளை றப்பர் படகில் இறக்கி, பஸ்ஸில் ஏற்றி, நாலு மணித்தியாலம் குலுக்கி, பழைய இடிபாடுகளைக் காட்டிவிட்டு மறுபடியும் குலுக்கிக் கொண்டுவந்து ஏற்றுவார்கள். இறங்கிய கரையில் என்ன நடக்கிறது என்று ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாம்புரிக் கரையிலேயே ஒரு காலைப் பொழுது வையுங்கள், கரைவலை காட்டலாம் என்று ஆறு மாதம் சண்டை பிடித்தேன். தொல்லை தாங்காமல் ஒரே ஒரு தடவைக்குச் சம்மதித்தார்கள். கப்பலின் கரைச் சுற்றுலா அதிகாரி கூடவே வந்து பார்த்து ஒரு படிவம் நிரப்புவார். அவர் 'ஆம்' என்று எழுதினால் அந்தப் பருவத்துக் கப்பல்கள் எல்லாம் மாம்புரியில் நிற்கும், வழிகாட்டி நான். 'இல்லை' என்றால் பழையபடி பஸ், பழையபடி நான் போனைப் பார்த்துக்கொண்டு வீட்டில்.

மாசி மாதம், கடல் எண்ணெய் விட்டதுபோல் கிடந்தது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுவரும் கறுத்தக் கப்பல்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு, அந்த வெள்ளைக் கப்பல் கல்யாணத்துக்கு வந்ததுபோல் இருந்திருக்கும். இருபத்திரண்டு பேர் இறங்கினார்கள். பதினொரு மணிக்குக் கப்பல் கிளம்பும். பத்தரைக்கு எல்லோரும் படகில் இருக்க வேண்டும். பார்க்கலாம், படம் எடுக்கலாம், இளநீர் குடிக்கலாம், அவ்வளவுதான் திட்டம்.

அன்று வலை போட்ட சம்மாட்டி உடப்பு ஊர்க்காரர். பருவத்துக்கு மாம்புரியில் வாடி என்கிற ஓலைக் குடிசை போட்டுக் குடும்பத்தோடு தங்கியிருந்தார். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும், பிடிவாதம் அதைவிடக் கூட. அவருடைய ஆட்கள் அம்பாப் பாட்டுக்குக் கால் ஊன்றி இழுக்கத் தொடங்கினார்கள். ஒருவர் அடி எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். பயணிகள் படம் எடுத்தார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி மட்டும் படம் எடுக்கவில்லை. பால்பண்ணையில் பிறந்து வளர்ந்தவராம், வேலை நடக்கிற இடத்தில் சும்மா நிற்கத் தெரியாது என்று படகிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். சப்பாத்தைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, நேரே போய்க் கயிற்றைப் பிடித்தார்.

நான் தடுத்திருக்க வேண்டும். கயிற்றில் கை வைத்தால் என்ன ஆகும் என்பது அந்தக் கப்பல்காரர்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் சந்தோஷத்தில் மூளை வேலை செய்யவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவராக இருபத்திரண்டு பேரும் கயிற்றில் தொங்கிவிட்டார்கள். வங்கி நடத்தியவர்களும் வைத்தியர்களும் ஓய்வுபெற்ற நீதவான் ஒருவரும் அம்பாவுக்குத் தலையாட்டிக்கொண்டு, கால் மணலில் புதைய, ஒன்றரை மணித்தியாலம் இழுத்தார்கள். வலையின் மடி கரையேறியபோது கும்பளாவும் பாரையும் சூடையும் துள்ளிய துள்ளலில், நீதவான் ஒரு சின்னப் பிள்ளைபோல் கத்தினார். நான் அதிகாரியின் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அப்போதுதான் சம்மாட்டி குவியல் போடத் தொடங்கினார். தன் ஆட்களுக்குப் போட்டு முடித்த பிறகும் அவருடைய கை நிற்கவில்லை. எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டு குவியல்கள் கூடுதலாக இருந்தன.

அதிகாரிக்கு விளங்கப்படுத்தினேன். அவருடைய சிரிப்பு அடங்கிவிட்டது. கப்பல் சமையலறைக்குத் தெரியாத உணவு எதையும் கப்பலில் ஏற்ற முடியாது, அது விதி என்றார். நன்றி சொல்லிவிட்டு இதைக் கொடுங்கள் என்று ஒரு கடித உறையை நீட்டினார். நான் அதைச் சம்மாட்டியிடம் கொண்டுபோனேன்.

"இதென்ன தங்கச்சி?"

"சந்தோஷத்துக்குத் தாறாங்க, அண்ணே."

"எனக்கு என்னத்துக்கு? வேலை செஞ்சது அவங்க. நான்தான் அவங்களுக்குக் குடுக்கணும். கயித்தில கை வச்ச ஆக்கள வெறுங்கையோட அனுப்பினான் எண்டு நாளைக்கு உடப்பு முழுக்கக் கதைப்பாங்க. எனக்கு ஏலாது. எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

அதிகாரி கெட்டவர் அல்ல, அவசரப்பட்டவர். "சரி, மரியாதைக்காக வாங்கிக்கொள்ளட்டும். போகிற வழியில் கடலில் போட்டுவிடலாம்" என்றார்.

"கடல்லயா?"

அது தமிழில் வந்துவிட்டது, அதுவும் கரை முழுக்கக் கேட்கும்படி. எல்லோரும் திரும்பினார்கள். எனக்கு வேலை போகட்டும் என்று இருந்தது. ஆங்கிலத்துக்கு மாறினேன். இதே கரையில் என் உம்மா இந்தக் கயிற்றை இழுத்தாள் என்றேன். ஊரில்லாமல் நின்ற எங்களை ஊர் கேட்காமல், பெயர் கேட்காமல், இழுத்ததற்கு மீன் கொடுத்த கரை இது. இது அன்பளிப்பு அல்ல, கூலி. உங்கள் ஆட்கள் உழைத்துச் சம்பாதித்ததை நீங்கள் கடலில் போடுவதென்றால் நான் போன பிறகு போடுங்கள், நான் பார்க்க மாட்டேன் என்றேன்.

வெள்ளைத் தொப்பிக்காரர் என்னிடம், "என்னுடையது எது?" என்று கேட்டார். சம்மாட்டி மொழி தெரியாமலேயே விளங்கிக்கொண்டு ஒரு குவியலைக் காட்டினார். அந்தப் பெண்மணி அதன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டார். என் வாழ்நாளில் மீனால் சம்பளம் வாங்கியது இதுதான் முதல் தடவை, விட்டுவிட்டு வர மாட்டேன் என்றார். நீதவான் தன் குவியலைக் கேட்டார். இருபத்திரண்டு பேரும் இருபத்திரண்டு குவியல்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் அழவில்லை என்று சொன்னால் பொய்.

"இங்கேயே சமைத்துச் சாப்பிடட்டும்" என்றேன்.

"கப்பல் காத்திருக்காது" என்றார் அதிகாரி.

அந்த வார்த்தையை நான் எட்டு வயதிலேயே கேட்டவள். "ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு என்ன விலை?" என்றேன்.

மணலில் அசையாமல் இருந்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் வோக்கியை எடுத்துக் கப்டனிடம் நடந்ததைச் சொன்னார். கப்டன் கேட்ட முதல் கேள்வி, "என்ன மீன்?" நான் எட்டி நின்றே கத்திச் சொன்னேன். சமையல் தலைவரை அனுப்புகிறேன், அவருடைய கண்முன் சமைத்தால் விதியில் பிழை வராது, பன்னிரண்டேகால் வரைக்கும் நிற்கிறோம் என்று பதில் வந்தது.

றப்பர் படகில் வந்து குதித்த சமையல் தலைவர் பிலிப்பைன்ஸ்காரர். தன்னுடைய ஊரிலும் இப்படி வலை இழுப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே கத்தியை எடுத்தார். வாடியிலிருந்த பெண்களோடு குந்தியிருந்து அவர் மீன் வெட்டிய வேகத்தில், சம்மாட்டியின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கும்பளா பொரிந்தது. சூடையில் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தார்கள். மாம்புரித் தோட்டத்துப் பச்சை மிளகாயும் வெங்காயமும் போட்டுச் சம்பல் இடித்தார்கள். கடையிலிருந்த பாண் ரொட்டி முழுவதும் வந்துவிட்டது. பயணிகளும் வலைக்காரர்களும் ஒரே மணலில் இருந்து கையால் சாப்பிட்டார்கள். சம்மாட்டி வரிசையில் நடந்து, "இன்னுங் கொஞ்சம்" என்று தமிழிலேயே உபசரித்தார், எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள்.

அதிகாரி மூன்றாவது மீனைத் தின்றுகொண்டே படிவத்தை முழங்காலில் வைத்து எழுதினார். எண்ணெய் விரல் பட்டுக் கடதாசி ஓரம் ஒளிர்ந்தது. என் பக்கம் திருப்பிக் காட்டினார். 'ஆம்.' அதற்குக் கீழே, அடுத்த தடவை ஒரு மணித்தியாலம் கூட்டி வைக்கவும் என்று எழுதியிருந்தார். நான் குதித்த குதியில் கைப்பை மணலில் விழுந்துவிட்டது.

அதைப் பொறுக்கிக்கொண்டு, கொஞ்சம் தள்ளிப் போய் உம்மாவுக்குப் போன் எடுத்தேன். பாலாவியில் எங்கள் வீட்டில் இருந்தாள்.

"உம்மா, மாம்புரிக் கரையில நிக்கிறன். வேலை சரி வந்திட்டு. கப்பல் இன்னும் போகல்ல."

"ஏன் மகள், எஞ்சின் பழுதா?"

"இல்ல உம்மா. இங்க சமைச்சுச் சாப்பிடுறாங்க. சாப்பிட்டு முடியுமட்டும் காத்து நிக்குது."

உம்மா கதிரையை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"எவ்வளவு நேரமா நிக்குது?"

"பதினொண்டுக்குப் போக வேண்டியது. இப்ப பன்னிரண்டாகுது."

"அவ்வளவு பெரிய கப்பலா?"

"ஓம் உம்மா."

"நான் அஞ்சு நிமிஷந்தான் கேட்டன்" என்றாள். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு பழைய அதிகாரக் குரல் வந்தது. "சரி, நீ போனை வை. போய்ப் பந்தியைப் பாரு. ஒருத்தரையும் அவசரப்படுத்தாத. எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்டு எழும்பட்டும்."