பச்சை ஸ்கூட்டர் பக்கம்

என் அண்ணனுக்குப் பெயிண்டும் குழாய்ச் சாமானும் விற்கும் கடை. பாதி வியாபாரம் கடன்தான். அந்தக் கடன் நோட்டை ஒரு தடவை புரட்டினால் உங்களுக்கும் ரத்தக்கொதிப்பு வரும். ஒரு பக்கத்திலாவது ஆளின் பெயர் கிடையாது. ‘பெரிய மீசை’, ‘சிவப்புத் தொப்பி’, ‘பச்சை ஸ்கூட்டர்’ என்றுதான் தலைப்புகள். மூன்று தடவை வந்தவரிடம் நான்காம் தடவை பேர் கேட்டால் அவர் மனசு கோணிவிடுமாம். அவர் கண்ணெதிரே நோட்டைத் திறந்தால் சந்தேகப்படுகிறோம் என்று நினைப்பாராம். அதனால் ஆள் படியிறங்கிய பிறகு, போகிற முதுகைப் பார்த்துத்தான் எழுதுவான்.

மீசைக்காரர் மீசையை எடுத்துவிட்டால் என்ன செய்வாய் என்று ஒருநாள் கேட்டேன்.

“திரும்ப வளப்பாருல்ல?” என்றான்.

இப்படிப்பட்டவனுக்குப் போன வெள்ளிக்கிழமை மொத்த வியாபாரி போன் செய்தார். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பழைய பாக்கி இருபதாயிரத்தைக் கட்டாவிட்டால் இனி ஒரு டப்பாகூட வராது என்றாராம். சரக்கு வராவிட்டால் அண்ணன் எதை விற்பான், அலமாரியையா? கல்லாவில் எட்டாயிரம்தான் இருந்தது. அண்ணி பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாள். கடன் வாங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது என்பது குடும்பத்துக்கே தெரியும்.

சனிக்கிழமை காலையில் நோட்டோடு உட்கார்ந்தேன். முதல் பக்கங்களில் நூறு, ஐம்பது என்று சில்லறைப் பாக்கிகள். நடுவில் பச்சை ஸ்கூட்டர், பன்னிரண்டாயிரம். எட்டும் பன்னிரண்டும் இருபது. அதற்குமேல் புரட்ட எனக்குப் பொறுமையில்லை. யார் அந்தப் பச்சை ஸ்கூட்டர் என்றேன். பெயிண்டர் என்றான் அண்ணன்.

பெயிண்டர் அடுத்த தெருவில் ஏணிமேல் நின்று சுவர் அடித்துக்கொண்டிருந்தார். கீழே நின்றபடி, தெருவே கேட்க, என் அண்ணன் பணத்தை விழுங்கிவிட்டீர்கள் என்று கத்தினேன். மனிதர் இறங்கினார், கையைத் துடைத்தார், என்னோடு கடைக்கு வந்தார். அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொன்னார். மேலே பெயிண்ட் நாலாயிரத்துக்கு, அதற்குக் கீழே பைப் பத்து, குழாய் ஆறு, பைப் வளைவுக்கு எல்போ முப்பத்தாறு என்று வாசித்தேன்.

“ஏம்மா, நான் பெயிண்டர். முப்பத்தாறு எல்போவ வாங்கி எந்தச் சுவத்துல பூசுவேன்?”

ஆறு மாதத்துக்கு முன்பே ஸ்கூட்டரை ஒரு பிளம்பருக்கு விற்றுவிட்டாராம். விற்ற அன்றே கடைக்கு நடந்து வந்து தன் பாக்கி நாலாயிரத்தைக் கட்டியும் விட்டார். தேடினால் இருக்கிறது, ‘நடந்து வந்தவர், வரவு நாலாயிரம்’ என்று தனியாக ஒரு பக்கம். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. பெயிண்டரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பிளம்பருக்கு ஆள் அனுப்பினோம். பச்சை ஸ்கூட்டரில் வந்து இறங்கி, அந்தப் பக்கத்தில் மீதியிருந்த தன் எட்டாயிரத்தைக் கொடுத்தார். ஆறு மாதமாக யாரும் கேட்கவே இல்லையே என்று அவருக்கும் ஆச்சரியம்.

இன்னும் நாலாயிரம் வேண்டும். மணி நாலு. மொத்த வியாபாரியின் ஆள் வாசலில் வந்து நின்றுவிட்டான். அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. எந்தப் புண்ணியவான் இந்தப் பணத்தை வைத்துக்கொண்டு தூங்குகிறானோ என்று பொரிந்து தள்ளினேன். அதுவரை போகாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெயிண்டர் நோட்டை வாங்கி, விரலை எச்சில் தொட்டுப் பின்னாலிருந்து புரட்டினார்.

“‘சிடுமூஞ்சி’ன்னு ஒண்ணு இருக்கே. நாலாயிரத்து நூறு. மூணு வருஷமா நிக்குது. யாரும்மா இது?”

அண்ணன் சட்டென்று டப்பாக்களைத் துடைக்க ஆரம்பித்தான். அண்ணி உள்ளே போய்விட்டாள். நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். வெளிர்நீலப் பெயிண்ட் நாலு டப்பா, சமையலறைக் கதவுக்குக் கீல் இரண்டு. என் வீட்டுச் சமையலறை வெளிர்நீலம்.

“ஏன் என்கிட்ட கேக்கல?” என்றேன்.

“கேட்டா கத்துவியே” என்றான், டப்பாவைப் பார்த்துக்கொண்டே.

நான் கத்தவில்லை. கைப்பையைத் திறந்து, பெயிண்டர் முன்னாலேயே நாலாயிரத்து நூறையும் எண்ணி வைத்தேன். வியாபாரியின் ஆள் பணத்தை வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை சரக்கு வரும் என்று சொல்லிவிட்டுப் போனான். நானும் கிளம்பினேன். படியிறங்கித் திரும்பிப் பார்த்தால், அண்ணன் என் முதுகைப் பார்த்து நோட்டில் வரவு எழுதிக்கொண்டிருந்தான்.