படிக்கட்டுச் சங்கம்

மாரிமுத்துவின் தலைப்பாகை ரோதையின் பெல்ட்டில் மாட்டிக்கொண்ட அன்றுதான், குடியை நிறுத்துவதற்கென்று ஒரு கூட்டம் நடக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் டிஸ்பென்சர். தோட்டத்துச் சனங்கள் டாக்டரையா என்பார்கள். டாக்டரையாவிடம் இருந்ததோ கொயினாவும் விளக்கெண்ணெயும்தான். இடுப்புக்கு மேலே வலித்தால் கொயினா, கீழே வலித்தால் விளக்கெண்ணெய்.

மாரிமுத்துவுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து உருட்டும் இயந்திரமான ரோதையில் வேலை. நல்ல வேலைக்காரன். சம்பளத்துக்கு மறுநாள் மட்டும் ரோதை எது, தூண் எது என்று அவனுக்குப் பிடிபடாது. அன்றைக்குத் தலைப்பாகையோடு போயிற்று, தலை தப்பியது.

தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை எங்கள் இருவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"டாக்டர், இந்த ஆள் இன்னும் ஒரு தரம் குடிச்சு ஸ்டோர் வந்தா பத்துச்சீட்டு. ஹட்டன்ல குடி நிப்பாட்டுற மீட்டிங் இருக்கு. நீ கூட்டிப் போ."

சொல்லிவிட்டுக் கிளப்புக்குப் புறப்பட்டார். அங்கே எதை நிறுத்தப் போகிறார் என்று நாம் கேட்க முடியுமா?

பத்துச்சீட்டு என்றால் வேலையை விட்டு விரட்டுகிற சீட்டு. அதோடு லயத்துக் காம்பிராவும், அதாவது குடியிருக்கிற அறையும், போய்விடும். மாரிமுத்துவின் பெண்சாதி பேச்சியம்மா ஆபீஸ் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரையா, மருந்து குடுங்க, மந்திரம் போடுங்க, என்னமோ செய்யுங்க. புள்ளைகளத் தூக்கிக்கிட்டு நான் எந்த ரோட்டுலங்க நிக்கிறது?"

அதற்கு என்னிடம் கொயினாகூட இல்லை.

விளக்குக் கடை

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஹட்டனுக்கு நடந்தோம். துரைக்குக் கூட்டம் இருப்பது தெரியும், இடம் தெரியாது. கடைவீதியில் ஒரு முதலாளியைக் கேட்டேன்.

"மதுவிலக்கு எங்கேங்க இருக்கு?"

"மது வெளக்கா? அந்த மார்க் நம்மகிட்ட இல்லியே. பெட்ரோமாக்ஸ் வெளக்கு இருக்கு, பாக்குறீங்களா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கம் சாராயம் உண்டு, கள்ளு உண்டு, தண்ணி உண்டு. மது என்பதைக் குடித்தவர் யாரும் இல்லை. அடுத்த கடையில் தெளிவாகவே கேட்டேன்.

"குடிக்கிறத விடுறதுக்கு ஒரு கூட்டம் நடக்குதாமே, எங்கேங்க?"

"குடிக்கிற கூட்டமா? அந்தா தெரியுது பாருங்க தவறணை. எப்பவும் கூட்டம்தான்."

தவறணை என்பது சாராயக் கடை. அதற்கு வழி கேட்டதும் நாலு பேர் சேர்ந்து கை காட்டினார்கள். மாரிமுத்துவின் கால்களுக்கு யாரும் கை காட்ட வேண்டியிருக்கவில்லை. அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போனேன். பள்ளிக்கூட மண்டபம் ஒன்றிலிருந்து கைதட்டல் கேட்டது.

படிக்கட்டு

வாசலில் காரியதரிசி நின்றார். ஜவுளிக்கடை முதலாளி, பட்டு உத்தரீயம்.

"அங்கத்தவங்க மட்டுந்தான் உள்ள வரலாம். குடிச்சதே இல்லைன்னு சத்தியம் பண்ணினவங்கதான் அங்கத்தவங்க."

மாரிமுத்து உள்ளே எட்டிப் பார்த்தான். கோட்டுப் போட்ட கனவான்கள் இங்கிலீஷில் சாராயத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப இவங்க எதைங்க நிப்பாட்டப் போறாங்க?" என்றான்.

காரியதரிசி கதவைச் சாத்திவிட்டார்.

படிக்கட்டில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். பண்டா என்று ஸ்டேஷன் போர்ட்டர், சிங்களவர். அவரையும் உள்ளே விடவில்லையாம்.

"நான் காலையில நல்ல ஆள்," என்றார் தெரிந்த தமிழில். "சாயங்காலம் நான் யாரு, எனக்கே தெரியாது."

மாரிமுத்து சிரித்தான். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். ரோதை தலையை இழுத்தபோது பிள்ளைகள் முகம்கூட நினைவுக்கு வரவில்லை என்று சொன்னான். உள்ளே கைதட்டல் ஓயும்வரை இருவரும் பேசினார்கள். எழுந்தபோது, சம்பள நாள் சாயங்காலம் மாரிமுத்துவின் லயத்தில் கூடுவதென்று முடிவாகியிருந்தது. படிக்கட்டுச் சங்கம் என்று பெயர் வைத்தவன் மாரிமுத்துதான். அதுதான் வினையாயிற்று.

சாமி பாட்டு

அந்தச் சம்பள நாளில் ஸ்டோர் ஆட்கள் சிலரும் வந்து உட்கார்ந்தார்கள். மறுநாள் மாரிமுத்து நேராக நடந்து வேலைக்கு வந்தான். கண்டாக்கையா, அதாவது வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர், அதைக் கவனிக்கவில்லை. அவர் காதில் விழுந்தது ஒரே சொல்.

"துரை, மாரிமுத்து லயத்துல சங்கம் வச்சிருக்கான்."

தொழிற்சங்கம் மலைக்கு ஏறி வந்துகொண்டிருந்த காலம் அது. துரை சிவந்துபோய், மாரிமுத்துவையும் என்னையும் மறுபடி ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"எதுக்குச் சங்கம் வச்சது?"

"குடிக்காம இருக்கத்தாங்க, துரை," என்றான் மாரிமுத்து.

"குடிக்காம ஒண்ணா உக்காந்து என்ன பேசுறது?"

நியாயமான கேள்வி. குடிக்காதவர்கள் ஒன்றாக உட்கார்ந்தால் சம்பளத்தைப் பற்றியல்லவா பேச்சு வரும்? குடித்தபோது ஒரு தவணை கொடுத்தவர், குடிக்காததற்கு உடனே பத்துச்சீட்டு எழுதச் சொன்னார். என் வாய் என்னைக் கேட்காமலே முந்திக்கொண்டது.

"அது சங்கம் இல்லீங்க துரை. பஜனை."

"ஓ, சாமி பாட்டு? வெரி குட்." விளக்குக்கு மண்ணெண்ணெய் கொடுக்கவும் உத்தரவு போட்டார்.

வேலை தப்பியது. ஆனால் பாடியாக வேண்டுமே! முருகன் பாட்டு ஒன்றில் பாதி மாரிமுத்துவுக்குத் தெரியும், மீதி யாருக்கும் தெரியாது. பண்டா பிஸ்கட் தகரத்தில் தாளம் போடுவார். மனம்விட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். கண்டாக்கையாவின் டார்ச் வெளிச்சம் தெரிந்தால் பக்தி பொங்கிவிடும். சந்தேகம் தீராமல் அவர் சம்பள நாள் தவறாமல் வந்தார், அதனால் பாட்டும் தவறவில்லை.

டிஸ்பென்சர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதில் நான் சொல்வது ஒன்றுதான். பெரிய மண்டபத்தில் வழி கேட்டு நிற்காதீர்கள், படிக்கட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். துரையிடம் மட்டும் பஜனை என்றே சொல்லுங்கள்.

பல மாதம் கழித்துப் பேச்சியம்மா டிஸ்பென்சரிக்கு வந்தாள்.

"காதுக்கு ஏதாச்சும் மருந்து இருக்குங்களா, டாக்டரையா?"

"வலியா?"

"வலி இல்லீங்க. பஜனை. கழுத கத்துனாப்புல இருக்கு."

"நிப்பாட்டச் சொல்லவா?"

அவள் பதறிப்போனாள். "ஐயையோ, வேணாங்க! அது கத்தட்டும். சம்பள நாள்ல அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு உலை வைக்கவே கை வருது."

இரண்டு காதுக்கும் பஞ்சு கொடுத்து அனுப்பினேன்.